பீற்றர்ஸ்பேர்க்கில் மாமாவின் பெயர்

ரஷ்யாவுக்குப் போகிறோம் என்று சொன்னதும் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடியில் கேட்ட முதல் கேள்வி, "ஏன், நோர்வேக்காரன் திருப்பி அனுப்பிறானோ?" என்பதுதான். கேட்டவரில் பிழை சொல்ல முடியாது. எங்கள் சனத்தில் பலருக்கு ரஷ்யா என்றால், களவாக ஐரோப்பாவுக்குக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வழியில் மாதக்கணக்கில் அடைத்துவைத்த மாஸ்கோ அறையும் அவித்த உருளைக்கிழங்கும்தான். காசு குடுத்து, விருப்பத்தோடு அந்தப் பக்கம் போகிற தமிழரை அவர்கள் கண்டதில்லை.

நாங்களும் ஊர் பார்க்கப் போகவில்லை. என் கணவர் ஞானசேகரம் சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்து லெனின்கிராட்டில் ஐந்து வருடம் நீர்ப் பொறியியல் படித்தவர். அந்த லெனின்கிராட்தான் இப்போது பீற்றர்ஸ்பேர்க். நோர்வேக்கு வந்தபிறகு லில்லெஸ்ட்ரோமுக்குக் கிட்ட ஒரு நகரசபையில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை. பன்னிரண்டு வருடமாகப் பனியிலும் சேற்றிலும் தோண்டிய கிடங்குக்குள் இறங்கி ஏறுகிறார். அங்கே பொறியியலாளர் ஒருவர் ஓய்வுபெறப்போகிறார். மேலதிகாரி இவரைக் கூப்பிட்டு, "அந்த இடத்துக்கு உன்னை எடுக்க விருப்பம். படித்ததற்குக் கடதாசி மட்டும் ஜூன் முடியமுதல் கொண்டுவா" என்று சொல்லிவிட்டார்.

கடதாசி எங்கே இருக்கிறது? பட்டச் சான்றிதழ் யாழ்ப்பாணத்து வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. சண்டையில் ஊரே ஒரே நாளில் வெளிக்கிட்டபோது மாமா, அதாவது இவருடைய தகப்பனார், சைக்கிளில் ஏற்றக்கூடியதை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு வன்னியில் காலமாகிவிட்டார். பெட்டி என்னவானது என்று கேட்க இன்றைக்கு ஆளில்லை. கல்லூரிக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. "நேரை போய் நிண்டால்தான் அலுவல் நடக்கும். எனக்கு அந்த நாட்டைத் தெரியும்" என்றார் இவர்.

இப்படித்தான் வைகாசிக் கடைசியில் நான், இவர், எங்கள் பதினெட்டு வயது மகள் மதுரா மூவரும் வெளிக்கிட்டோம். மதுரா எதற்கு என்று கேட்பீர்கள். "நீங்கள் ரெண்டு பேரும் தனியப் போனால் ரோட்டிலை நிண்டு சண்டை பிடிப்பியள்" என்று தன்னைத்தானே சேர்த்துக்கொண்டாள்.

முதல் நாள் இவர் மார்பு நிமிர்த்தி நடந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் கல்லூரிக்குப் போய்விடுவேன் என்று விமானத்திலேயே சொல்லியிருந்தார். கண்ணைக் கட்டாமலே வழி தவறினோம். இவர் படித்த காலத்தில் தெருக்களுக்குப் புரட்சிக்காரரின் பெயர்கள். ஆட்சி மாறியதும் பலதுக்குச் சார் மன்னர் காலத்துப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவர் புரட்சிக்காரரைச் சொல்லி வழி கேட்க, இளம் பெடியள் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்கள். வயது போன பெண்கள் மட்டும் நின்று, இவரை மேலும் கீழும் பார்த்து, ஏதோ தொலைந்த உறவினரைக் கண்டமாதிரிச் சிரித்துக் கை காட்டினார்கள்.

நிலக்கீழ் ரயிலுக்கு இறங்குகிற நகரும் படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் படியில் கால் வைத்தால் கைப்பையில் பயணச்சீட்டைத் தேடி எடுக்கமுதல் கீழே போய்விடுவோம். இங்கே ஒரு பெண் கீழே போய்ச் சேருமுன் புத்தகத்தில் மூன்று பக்கம் வாசித்துவிட்டாள். சதுப்பு நிலத்தில் கட்டிய நகரம், அதனால் சேற்றுக்கும் கீழே போய்த்தான் சுரங்கம் தோண்டினார்கள் என்று இவர் விளக்கினார். "இந்த ஊரே தண்ணிக்கு மேலைதான் நிக்குது. பீற்றர் மன்னன் பிடிவாதம் பிடிச்சுக் கட்டினவன். மரக்குத்தி அடிச்சு அடிச்சே எத்தினை சனம் செத்ததெண்டு கணக்கில்லை." மதுரா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா, இப்ப இதைச் சொல்லாதேங்கோ" என்றாள்.

அன்றைக்குப் பின்னேரம் கல்லூரியைக் கண்டுபிடித்தோம். ஆவணப் பகுதி புதன்கிழமைதான் திறக்கும் என்று கதவில் எழுதியிருந்தது.

இரண்டாம் நாள் செவ்வாய். அலுவல் இல்லாததால் ஊர் பார்த்தோம். போன வருடம் நகரத்துக்கு முந்நூறாவது பிறந்தநாள் நடந்ததாம். தெருவைப் பார்த்த சுவர்களெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக மினுங்கின. வளைவால் உள்ளே போனால் முற்றத்துப் பக்கம் அப்படியே காரை பெயர்ந்து கிடந்தது. விருந்தாளி இருக்கிற அறைக்கு மட்டும் வெள்ளையடித்த கலியாண வீடு மாதிரி. எனக்கு அது பிடித்தது. உள்ளே வந்தால் எதையும் மறைக்காத ஊர் என்று நினைத்தேன்.

சார் மன்னர்களின் குளிர்கால அரண்மனை இப்போது அருங்காட்சியகம். தங்கமும் பளிங்கும் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் பார்த்தால் கண்ணுக்குள் புளிக்கும். நான் பார்த்தது அறைக்கு அறை கதிரை போட்டுக் காவலிருந்த வயது போன பெண்களை. நான் ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், ஆட்களின் காலைத்தான் முதலில் பார்ப்பேன். எல்லாருக்கும் கால் வீங்கியிருந்தது. ஒருத்தி ஓவியத்துக்குக் கிட்டப்போன ஜெர்மன்காரனை ஒரு சத்தம் போட்டாள். அவன் சொந்தத் தாய் பேசியமாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பிறகு பெரிய தெருவில் நடந்துவரும்போது சுவரில் நீல நிறத்தில் ஓர் அறிவிப்பு. கீழே சிவப்புப் பூக்கள். இவர் நின்று வாசித்தார். ஷெல் விழும்போது தெருவின் இந்தப் பக்கம் கூடுதல் ஆபத்தானது என்று எழுதியிருக்கிறதாம். ஹிட்லரின் படை இந்த நகரத்தை இரண்டு வருடத்துக்கு மேல் சுற்றிவளைத்து நின்ற காலத்தில் எழுதியது. கையளவு பாண் துண்டைத் தின்று ஒரு நாளைக் கழித்த சனம். பசியில் செத்தவர்கள் இலட்சக்கணக்கில்.

ஷெல் எந்தப் பக்கத்தால் வரும், எந்தச் சுவரோடு ஒட்டிப் போகவேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் அதைச் சுவரில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மதுரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகத் தன் கமராவை எடுத்தாள்.

மத்தியானம் பொரித்த சின்ன மீன் சாப்பிட்டோம். வசந்தத்தில் மட்டும் ஆற்றில் ஏறுகிற மீனாம். பச்சையாக இருக்கும்போது வெள்ளரிக்காய் வாசம் வரும் என்று இவர் சொன்னதை நான் நம்பவில்லை. சந்தையில் முகர்ந்து பார்த்தேன், உண்மைதான். பொரித்தால் எங்கள் நெத்தலிக்கு அண்ணன். நான் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தேன். "அம்மா, பின்லி!" என்றாள் மகள். நோர்வேயில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்தகப்பன் செய்கிற எல்லாமே பின்லிதான், மானம் போகிற காரியம். இரண்டு நிமிடத்தில் அவளுடைய கையும் டப்பாவுக்கு நீண்டது.

புதன்கிழமை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆவணக்காரிக்குப் பத்துக் கார்னேஷன் பூ வாங்கினேன். கலீனா பெத்ரோவ்னா என்று பெயர். அறுபது வயதிருக்கும், கண்ணாடி, கம்பளிச் சால்வை. பெத்ரோவ்னா என்றால் பியோத்தரின் மகள். ரஷ்யர் மரியாதையாகக் கூப்பிடும்போது ஆளின் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். பூவை வாங்கினார், எண்ணினார், ஒன்றை உருவி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஒன்பதைத் தண்ணீரில் வைத்தார். இங்கே இரட்டைப்படையில் பூக் கொடுப்பது செத்தவர்களுக்கு. கலியாணத்துக்கு நூற்றியொரு குரோன் என்று பார்த்துப் பார்த்துக் கடித உறையில் வைக்கிற எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

"அஞ்சு வருசம் இருந்தனீங்கள், சொல்லக்கூடாதே?" என்று இவரைக் கடித்தேன்.

"நீர் எண்ணி வாங்கினதை நான் எங்கை கண்டனான்?" என்றார்.

கலீனா பெத்ரோவ்னா இவருடைய நோர்வேக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தடித்த பதிவேட்டோடு திரும்பி வந்தார். அவர் சொன்னதை இவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். "குடும்பப் பெயர் வைத்திலிங்கம், சொந்தப் பெயர் ஞானசேகரம் என்று இங்கே ஒருவரும் படிக்கவில்லை. குடும்பப் பெயர் ஞானசேகரம், சொந்தப் பெயர் வைத்திலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார். உங்கள் தகப்பனாரா?"

நடந்தது இதுதான். வைத்திலிங்கம் என்பது மாமாவின் பெயர். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. பத்தொன்பது வயதில் இவர் வந்திறங்கிய அன்று, கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று சோவியத் லிகிதர் முடிவு கட்டிவிட்டார். நோர்வேயில் அகதியாகப் பதிந்தபோது இவர் உஷாராகி, தன் பெயரை முன்னுக்கும் தகப்பன் பெயரைப் பின்னுக்கும் சொன்னார். அதில் நாங்கள் எல்லாருமே வைத்திலிங்கமானோம். மாமனாரின் பெயரை வாயால் சொல்லவே கூசுகிற எங்கள் வழக்கத்தில் வளர்ந்த நான், அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

"அப்ப அஞ்சு வருசமும் அப்பப்பான்ர பேரிலையா படிச்சனீங்கள்?" என்றாள் மதுரா. "ஏன் திருத்தேல்லை?"

"முதல் வருசம் திருத்துற அளவுக்கு எனக்கு ரஷ்யன் தெரியாது. தெரிஞ்சாப்போலை, சொன்னால் ஆரும் நம்பேல்லை. வாத்திமார் 'வைத்திலிங்கம், உனக்கு மண்டையிலை ஒண்டும் இல்லையோ' எண்டு அப்பான்ர பேரைச் சொல்லிப் பேசுவினம். எனக்குத் தாங்கேலாமல் இருக்கும். அதாலைதான் இரவு பகலா இருந்து படிச்சனான்."

கலீனா பெத்ரோவ்னா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கடவுச்சீட்டில் ஒரு ஆள். பதிவேட்டில் இன்னொரு ஆள். ஒருவரின் பட்டத்தை மற்றவருக்கு நான் கொடுக்க முடியாது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "இவவின்ர ஊருக்கு எத்தினை பேர் எண்டு கேளுங்கோ" என்றேன். "பீற்றர்ஸ்பேர்க் எண்டு வைச்சவை. ஜெர்மன்காரனோடை சண்டை வர அது ஜெர்மன் பேர் மாதிரிக் கிடக்கு எண்டு பெத்ரோகிராட். லெனின் செத்தாப்போலை லெனின்கிராட். இப்ப திரும்பவும் பீற்றர்ஸ்பேர்க். ஊர் ஒண்டுதானே? என்ர மனுசன் மட்டும் எப்பிடி ரெண்டு பேர் ஆனவர்?"

"அம்மா, பின்லி" என்று மகள் முணுமுணுத்தாள். இவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். கலீனா பெத்ரோவ்னா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நகரத்தின் பெயரை மாற்றிய ஒவ்வொரு முறையும் அரசாணை வந்தது. உங்கள் கணவரிடம் அரசாணை இருக்கிறதா?"

அவர் பதிவேட்டை மூடினார். பிறகு குரலைத் தணித்து, "என் தாய் பெத்ரோகிராட்டில் பிறந்தவர், நான் லெனின்கிராட்டில் பிறந்தவள். இரண்டு பேரும் பிறந்தது ஒரே வீட்டில்" என்றார். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனிக்கோப்பு உண்டாம். அது பக்கத்துக் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. தண்ணீர் புகுந்து அழியாமல் இருந்தால் எடுத்துப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முதல் வாருங்கள் என்றார். சனிக்கிழமை எங்களுக்கு விமானம்.

வியாழக்கிழமையை எப்படியாவது தள்ளவேண்டும். பீற்றர்ஹோவ் என்கிற மன்னனின் கோடை மாளிகைக்கு மினிபஸ்ஸில் போனோம். இந்த மினிபஸ்ஸில் பின்னுக்கு இருப்பவர் கட்டணத்தை முன்னுக்கு இருப்பவரின் தோளில் தட்டிக் கொடுக்க, அது கைமாறிக் கைமாறிச் சாரதியிடம் போய், மிச்சம் அதே கைகளால் திரும்பி வருகிறது. ஒஸ்லோ பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஆள் வந்து இருந்தாலே நோர்வேஜியருக்கு வேர்க்கும். இங்கே முன்பின் தெரியாத ஆறு பேரின் கை என் மிச்சக் காசில் பட்டது.

இறங்குமிடத்தில் சத்தமாகக் கத்தினால்தான் நிற்பாட்டுவார்களாம். இவர் நோர்வேயில் இருந்து இருந்து மிகவும் மரியாதையான மனிதராகிவிட்டார். மன்னிக்கவும் என்று தொடங்கி ஒரு முழு வசனம் சொல்லி முடிப்பதற்குள் பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டிவிட்டது. வெயிலுக்குள் திரும்பி நடந்தோம்.

ஆனால் அங்கே போனதும் இவர் வேறு ஆள். தங்கச் சிலைகள், படிப்படியாக இறங்குகிற நீர், மரமளவு எழும்புகிற நீரூற்றுகள். எல்லாரும் சிலைக்கு முன்னால் நின்று படமெடுக்க, இவர் மட்டும் குனிந்து தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சை ஒரு பம்பும் இல்லை, தெரியுமே? இருவது கிலோமீற்றருக்கு அங்காலை மேட்டிலை ஊத்து. அங்கையிருந்து வாய்க்கால் வெட்டி, சரிவிலையே கொண்டு வந்திருக்கிறாங்கள். தண்ணியின்ர பாரமே தண்ணியை எழுப்புது. மூண்டாம் வருசம் எங்கட பேராசிரியர் அந்த வாய்க்கால் முழுக்க எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனவர்."

மதுரா கேள்விக்குமேல் கேள்வி கேட்டாள். இவர் மண்ணில் குச்சியால் கோடு கீறிக் காட்டினார். கலியாணம் முடித்து இருபது வருடத்தில் இந்த மனிதரை மண் படிந்த சப்பாத்தோடுதான் பார்த்திருக்கிறேன். படித்தவர் என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்குத்தான் கண்டேன். சந்தோசமாக இருந்தது. கூடவே, கடதாசி கிடைக்காவிட்டால் என்ன செய்வார் என்ற பயமும் வந்தது.

திரும்பி வரும்போது சொன்னார். "கிடங்கிலை நிக்க எனக்கு வெக்கம் ஒண்டும் இல்லையப்பா. முழங்கால்தான் இனித் தாங்காது."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டோம். கலீனா பெத்ரோவ்னாவின் மேசையில் மண்ணிறக் கோப்பு ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் ஈரம் பட்டுக் காய்ந்து அலையலையாக இருந்தது. திறந்ததும் ஒட்டிய கன்னமும் பெரிய கண்களுமாக ஒரு பெடியனின் படம்.

"அப்பா, இது நீங்களா?" என்று மதுரா வாயில் கைவைத்தாள்.

"படம் முகத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது" என்றார் கலீனா பெத்ரோவ்னா. அவர் தாள்களைப் புரட்டி, கோடு போட்ட ஒற்றைத் தாள் ஒன்றை எடுத்து இவருக்கு முன்னால் வைத்தார். சோவியத்தில் ஒவ்வொரு மாணவரும் தன் வரலாற்றைத் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இவர் அதை அடியோடு மறந்திருந்தார்.

"சத்தமாக வாசியுங்கள்" என்றார்.

இவர் ரஷ்யனில் ஒவ்வொரு வரியாக வாசித்து, எங்களுக்குத் தமிழிலும் சொன்னார். "என்ர பேர் ஞானசேகரம். நான் யாழ்ப்பாணத்திலை பிறந்தனான். என்ர அப்பான்ர பேர் வைத்திலிங்கம். அவர் தபாலதிபர். எனக்கு நாலு சகோதரிகள். எங்கட ஊரிலை ஆறு இல்லை. கிணத்துத் தண்ணி வர வர உப்பாகுது. நான் படிச்சு முடிச்சுத் திரும்பிப் போய், எங்கட சனத்துக்கு நல்ல தண்ணி..." அங்கே நின்றுவிட்டார். மதுரா அவருடைய முதுகைத் தடவினாள்.

"ஒரு பக்கத்தில் பதினான்கு பிழை" என்றார் கலீனா பெத்ரோவ்னா. "ஆனால் தகப்பன் யார், மகன் யார் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இது போதும்." பிறகு அந்தத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டார், "கொண்டுபோனீர்களா, தண்ணீர்?"

இவர் மெதுவாக இரண்டு வசனம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு எழும்பி உள்ளே போனார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சண்டை வந்திட்டுது, கொண்டுபோகேலாமல் போச்சு எண்டனான். வேறை ஊர்ச் சனத்துக்குக் குடுத்துக்கொண்டிருக்கிறன் எண்டனான்."

வெளியே தாழ்வாரத்து வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். பரீட்சைக்கு வந்த பெடியளும் பெட்டையளும் சுவரோடு சாய்ந்து குறிப்புகளை முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்பதும் நிற்பதுமாக இருந்தது. நின்ற ஒவ்வொரு தடவையும் இன்னொரு பிழை கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

கதவு திறந்தது. கலீனா பெத்ரோவ்னா முத்திரை குத்திய தாளைக் கையில் பிடித்திருந்தார். பதிவேட்டில் இருக்கிறவரும் கடவுச்சீட்டில் இருக்கிறவரும் ஒரே ஆள் என்று அதில் எழுதி, கீழே ஐந்து வருடத்துப் பாடங்களையும் புள்ளிகளையும் வரிசையாக அடித்திருந்தார். அது பிறகு பார்த்தது. அந்த நேரம் அவர் எங்களைப் பெயர் சொல்லாமலே கையசைத்துக் கூப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து, தாளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்.

"ஞானசேகரம் வைத்திலிங்கமோவிச்!"

வைத்திலிங்கத்தின் மகன் ஞானசேகரம். பெடியளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சட்டென்று எழும்பி நின்றார். ஐந்து வருடம் படித்த ரஷ்யனும் வரவில்லை, இத்தனை வருடம் கதைத்த நோர்வேஜியனும் வரவில்லை.

"ஓம்" என்றார். "ஓம், நான்தான்."